அயனிமூடு வளைவின் சுண்ணாம்பு வட்டங்கள்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே தொண்ணூறுகளில் நடமாடிய அத்தனை பேரும் ரோட்டில் வரும் வண்டியைப் பார்த்து நடந்தார்கள். ரோட்டை மட்டும் பார்த்து நடந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். சர்க்கார் சம்பளம் வாங்கியவர், எங்காவது கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் வட்டக் கம்பவுண்டர்.

மிருகாசுபத்திரியில் கம்பவுண்டர் வேலை. ஐம்பது வயதை நெருங்கிய மெலிந்த மனிதர். அவருடைய சைக்கிள் ஹேண்டிலில் ஒரு பக்கம் மருந்துப் பை தொங்கும், மறுபக்கம் சுண்ணாம்பு வாளி தொங்கும். ரோட்டில் எந்த மிருகம் வண்டியில் அடிபட்டாலும் எப்படியோ சேதி போய்விடும். வந்து இறங்குவார். உயிர் இருந்தால் வைத்தியம். இல்லையென்றால் ஓரத்தில் எடுத்துப் போட்டு, உடையவனைத் தேடிப்பிடித்துப் புதைக்கச் சொல்வார். பிறகு அது விழுந்து கிடந்த இடத்தில், போகிற வருகிற வண்டிகளை எல்லாம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தேங்காய் நாரில் கட்டிய மட்டையால் சுண்ணாம்பில் பெரிய வட்டம் போடுவார். வட்டத்துக்குள்ளே அந்த மிருகத்தின் படம் வரைவார்.

"படம் எதுக்கு ஓய்? ஆடுன்னு எழுதினாப் போராதா?" என்று ஒருவர் கேட்டார்.

"இஞ்ச பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும், பாதிப் பேருக்கு மலையாளம் தெரியும். படம் எல்லாருக்கும் தெரியுமாக்கும்" என்றார்.

அவருக்கு வரையத் தெரியாது என்பது மட்டும்தான் இதில் இருந்த சிக்கல். கோழி வரைந்தால் கெட்டில் மாதிரி இருக்கும். பசு வரைந்தால் கட்டில் மாதிரி இருக்கும். ஆடு விஷயத்தில் ஒரு தடவை அடிதடியே நடக்கப் பார்த்தது. மூன்று ஆடு வைத்துப் பிழைத்த சரசம்மை தன் ஆடு செத்த இடத்தில் வந்து நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நடுவே படம் கண்ணில் பட்டது. அழுகை நின்றுவிட்டது.

"கம்பவுண்டரே, இது என்னவாக்கும்?"

"உனக்க ஆடு."

"எனக்க ஆட்டை நீரு பட்டியாக்கிப் போட்டீரே!" எங்கள் பக்கம் பட்டி என்றால் நாய்.

"காதப் பாரு. ஆட்டுக்க காதாக்கும்."

"வாலு?"

கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். "வாலு பிழைச்சுப் போச்சு" என்று ஒத்துக்கொண்டு, மறுபடி மட்டையை நனைத்து வாலைக் குட்டையாக்கினார். அதுவரை திருவனந்தபுரம் போகும் பஸ் ஒன்று பொறுமையாகக் காத்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "கழிஞ்ஞோ?" என்று, வேலை முடிந்ததா என மலையாளத்தில் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

வட்டங்களுக்கு முன்னால் அவர் வேறு வைத்தியங்களும் செய்து பார்த்திருக்கிறார். ஊர் ஆடுகளுக்கெல்லாம் கழுத்தில் மணி கட்டினார். எஞ்சின் சத்தத்தில் அது வண்டிக்காரனுக்குக் கேட்கவில்லை, ஆட்டுக்கு மட்டும்தான் கேட்டது. தன் கழுத்தில் இருந்து வரும் சத்தத்துக்குப் பயந்து ஆடுகள் முன்னைவிட வேகமாக ஓடின. பிறகு காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வளைவில் விசிலோடு நின்றார். டிக்கெட் பரிசோதகர் நிற்கிறார் என்று நினைத்துப் பஸ்கள் எல்லாம் நின்றன. நிறுத்தம் இல்லாத இடத்தில் பஸ் நிற்கிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் அங்கே வந்து ஏற ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் அவரே விசிலை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

அயனிமூடு என்பது எங்கள் ஊரைத் தாண்டி, கொல்லயில் பக்கம் பிரிகிற பாதைக்குச் சற்று முன்னால் வரும் வளைவு. அங்கே நின்ற அயனி மரத்தை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள், பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். வட்டங்களில் முக்கால்வாசி அங்கேதான் விழுந்தன. சிலர் அதை மந்திரவாதம் என்றார்கள். லாரிக்காரர்கள் வட்டத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, "எந்தாடோ இது?" என்று அதட்டினார். "மரண அறிவிப்பு சாரே" என்றார் கம்பவுண்டர். அறிவிப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுப் போலீஸ்காரர் போய்விட்டார்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். நெய்யாற்றின்கரையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி அதில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் தாமதமாகிவிட்டது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. மேலதிகாரியிடம் சொல்லப் போகும் பொய்யை மனதுக்குள் உருட்டிக்கொண்டே அயனிமூட்டில் திரும்பினேன். வலது பக்கமிருந்து ஒரு செவலை ஆடு அம்பு மாதிரி குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது, ரோடு என் கன்னத்துக்கு மிக அருகில் இருந்ததும் அது சூடாக இருந்ததும்.

இடது தோள் எலும்பு போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் ஆடு காலை இழுத்துக்கொண்டு கிடந்தது. சைக்கிள் மணி கேட்டது. வட்டக் கம்பவுண்டர்! அந்த மனிதரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுவே முதல் முறை. நல்ல கையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தார், தலையை ஆட்டினார். என்னைத் தாண்டி ஆட்டிடம் போனார்.

"ஓய்! மனுசன் இஞ்ச கெடக்கேன். நீரு ஆட்டைப் பாக்கியீரே!"

"சாரு பேசுகீரு" என்றார், திரும்பாமலே. "பேசியவனுக்கு நேரம் உண்டு. இது பேசல்ல."

இரண்டு மூங்கில் சீவலை வைத்து ஆட்டின் காலைக் கட்டினார். கட்டி முடித்து, அதன் நெற்றியைத் தடவிவிட்டு, மிச்சத் துணியோடு என்னிடம் வந்தார். அந்தத் துணியில்தான் என் கைக்குத் தொட்டில் கட்டினார். அந்த வழியே வந்த காரை மறித்து என்னை ஏற்றினார். "ஆட்டுக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல. சாருதான் ஆசுபத்திரிக்குப் போணும்" என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்த ஆபீஸ் நண்பர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "சாரே, உம்மை வழியில பாத்தேன்" என்றார்.

"என்னையா? நான் வீட்டை விட்டு இறங்கலையே."

"அயனிமூட்டுல. ரோட்டுல கெடக்கீரு."

கைத்தொட்டிலோடு நடந்து போய்ப் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் ஆடு. மற்றதில் ஒரு உருண்டை, அதற்கு மூக்குக் கண்ணாடி. உடம்பு எல்லாருக்கும் எப்படி வரைவாரோ அப்படித்தான். கண்ணாடி மட்டும் அச்சு அசலாக என்னுடையது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகிற ஜனங்கள் அத்தனை பேரும் தினமும் என்னை மிதித்துக்கொண்டு போகிறார்கள்!

மிருகாசுபத்திரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "நான் செத்தா போனேன்?"

"வட்டம் செத்ததுக்கு மாத்திரம் இல்ல சாரே. விழுந்ததுக்கும் உண்டு."

"அழிச்சுப் போடும்."

"மழை வந்தாப் போவும்."

மழை வரவில்லை. டயர் பட்டு மங்கினாலும் அவர் விடாமல் மறுபடி மறுபடி அழுத்தி வரைந்தார். எனக்கோ ஆறு வாரம் லீவு. வேறு வேலை இல்லாததால், என் படம் அழிந்துவிட்டதா என்று பார்க்க தினமும் அங்கே போனேன். போனவன் நிழலுக்காக எதிரில் இருந்த பஸ் கொட்டகையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் வேண்டா வெறுப்பாக எல்லா வட்டங்களையும் பார்த்தேன். அப்போது வளைவில் ஏழு வட்டங்கள் இருந்தன. கம்பவுண்டர் வாளியோடு வந்தபோது என் எரிச்சலைக் கொட்டினேன்.

"படந்தான் வரையத் தெரியல்ல. தலையையாவது மாத்தி மாத்தி வைக்கப்பிடாதா? எல்லாத்தையும் மேற்குப் பாத்தே வரைஞ்சு வச்சிருக்கீரு."

"நான் எனக்க இஷ்டத்துக்கு வரையல்ல சாரே. கெடந்தது போல வரைஞ்சேன்."

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். வாளியைக் கீழே வைத்தார். ஒவ்வொரு வட்டமாக நடந்து போய்க் குனிந்து பார்த்தார். என்னுடையதை விட்டுவிட்டு மற்ற எல்லாம் மேற்கு. ஒன்றுகூடக் கிழக்குப் பார்த்துச் சாகவில்லை. திரும்பி வந்து கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை "சாரே" தவிர வேறு எதுவும் சொல்லி என்னைக் கூப்பிடாதவர், "மக்கா" என்றார் மெதுவாக. "போறப்பம் சாவுது. வாறப்பம் சாவல்ல. அது என்னண்ணு பாக்கணும்."

மூன்று நாள் பார்த்தோம். பார்ப்பதற்குப் பெரிய புத்தி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், அதை மட்டும் ஊரில் யாரும் அதுவரை செய்யவில்லை. ரோட்டின் கிழக்குப் பக்கம் வீடுகளும் தங்கத்தின் வாழைக்குலைக் கடையும் இருந்தன. மேற்கில் ஒரு பள்ளம். காலையில் லாரி வந்து குலைகளை ஏற்றிப் போனதும், கடையில் மிஞ்சிய குலைத்தண்டு, அழுகிய பழம், சருகு எல்லாவற்றையும் தங்கத்தின் வீட்டுக்காரர் பெரிய கூடையில் சுமந்து ரோட்டைக் கடந்து அந்தப் பள்ளத்தில் கொட்டுவார். சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு முறை. தண்டுகள் பள்ளத்தில் விழுந்து ‘தொப்’ என்று சத்தம் கேட்டதும் கிழக்குப் பக்கத்து வீட்டுப் பின்கட்டுகளிலிருந்து ஆடு, கன்றுக்குட்டி, கோழி எல்லாம் பந்திக்கு இலை போட்ட மாதிரி ஓடிவரும். பசியில் எதையும் பார்க்காது. தின்று முடித்துத் திரும்பும்போது அவசரமே இருக்காது. நடு ரோட்டில் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் போல அசைந்து வரும். வண்டிகள் தூரத்திலேயே பார்த்து ஹாரன் அடித்து நிற்கும்.

எவ்வளவு எளிய விஷயம்! அதைக் கண்டுபிடிக்க ஐந்து உயிரும் ஓர் ஆட்டின் காலும் என் தோள் எலும்பும் செலவாகியிருந்தன.

தங்கத்திடம் போனோம். அவள் குலைகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"தங்கம், அந்தத் தண்டை எல்லாம் கடைக்குப் பொறத்த களைஞ்சாப் போராதா? எதுக்கு ரோட்டைத் தாண்டிக் கொண்டு போணும்?"

"எனக்க கடை, எனக்க குப்பை. பொறத்த போட்டா ஈ வரும், நாத்தம் வரும். ஆடு வளக்கியவ கெட்டி வளக்கட்டு. நானா அவளுக்க ஆட்டை ரோட்டுல சாடச் சொன்னேன்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கம்பவுண்டர் அதை ஒத்துக்கொண்டார். "நீ சொல்லியதும் செரியாக்கும்" என்று சொல்லிவிட்டு நேரே சரசம்மையிடம் போனார்.

"கெட்டிப் போட்டா தீனிக்கு நான் எங்க போவேன்?" என்றாள் சரசம்மை. "தங்கத்துக்க தண்டைத் தின்னுதான் அதுகள் கெடக்குது." அதிலும் நியாயம் இருந்தது. அந்த வளைவில் எல்லாரிடமும் நியாயம் இருந்தது. ஆடுகள்தான் செத்துக்கொண்டிருந்தன.

அன்று இரண்டு பேரும் மறுபடி கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். நாலு மணி. தங்கத்தின் வீட்டுக்காரர் கூடையோடு இறங்கினார். அவர் அதிகம் பேசாத மனிதர். வலது காது கேட்காது, இடது காதும் மந்தம், அது ஊருக்கே தெரியும். கூடையின் ஓரம் ஒரு கண்ணையும் மறைத்திருந்தது. நடு ரோட்டில் அவர் இருந்தபோது வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அவர் நடையை மாற்றவே இல்லை. லாரிதான் மண்ணில் இறங்கி, புழுதி கிளப்பி, ஒதுங்கிப் போனது. டிரைவர் ஏதோ கத்தினான். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. பள்ளத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார்.

தினமும் அவரைப் பார்த்திருக்கிறோம். மூன்று நாளாக ஆட்டை எண்ணினோமே தவிர, அந்த ஆளை ஒரு தடவைகூட எண்ணவில்லை.

கம்பவுண்டர் எழுந்தார். வாளியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய், அந்த மனிதர் லாரிக்கு முன்னால் நடந்துபோன அதே இடத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஒரே ஒரு கூடை வரைந்தார். கூடை நன்றாகவே வந்திருந்தது. அவர் வாழ்நாளில் ஒழுங்காக வரைந்த படம் அது ஒன்றுதான்.

தங்கம் கடையிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஓய்! இஞ்ச என்ன செத்தது? எதுக்கு வட்டம் போடுகீரு?"

"ஒண்ணும் சாவல்ல."

"பின்னே?"

"ஒரு நாளு ரோட்டை ரெண்டு தடவ கடக்கியது ஆடு மாத்திரம் இல்ல, தங்கம். ஆட்டுக்காவது ரெண்டு காதும் கேக்கும்."

அவள் படத்தைப் பார்த்தாள். கடை வாசலில் வெறுங்கூடையைத் தட்டிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு வாளி தண்ணீரோடு வந்து, குனிந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த வட்டத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தார் தெரிந்த பிறகும் கழுவினாள். வண்டிகள் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தான் செய்தது சரியா என்று அவருக்கே தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து தண்டும் சருகும் கடைக்குப் பின்னால் விழுந்தன. ஈ வரும் முன்னே சரசம்மையும் மற்றவர்களும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஆடுகளுக்கு மட்டும் விஷயம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. பழக்க தோஷத்தில் பள்ளத்துக்குப் போய் நின்று, ஆபீஸ் பூட்டிக் கிடப்பதைப் பார்த்த மனுதாரர்கள் மாதிரி முழித்தன. பிறகு அவையும் போவதை நிறுத்திவிட்டன. அந்த வருஷம் அயனிமூட்டில் புது வட்டம் விழவில்லை. மழை வந்து பழையவற்றையும் கழுவிக்கொண்டு போனது, என்னையும் சேர்த்து.

எல்லாம் முடிந்த பிறகு அங்கே பசுப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று வந்தது. பலகை வந்ததால்தான் விபத்து நின்றது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கம்பவுண்டர் பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்று, "பசு நல்லா இருக்கு. காம்பு நாலும் வரைஞ்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

தோள் சரியாயிற்று. ஸ்கூட்டரும் சரியாயிற்று. நான் சரியாகவில்லை. சாவியை எடுத்தாலே உள்ளங்கை வியர்த்தது. ஆபீசுக்குப் பஸ்ஸில் போனேன். கேட்டவர்களிடம் தோள் வலி என்றேன். எல்லாரும் நம்பினார்கள்.

அடுத்த வருஷம் கம்பவுண்டரைக் காஞ்சிரங்குளம் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று காலை ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சாரு ஸ்கூட்டரில கொண்டு விடணும்."

"தோளு வலிக்கு கம்பவுண்டரே. பஸ்ஸுக்கு நான் கூட வாறேன்."

"ஆட்டுக்கும் சாருக்கும் ஒரே நாள்லதான் கட்டுப் போட்டேன்" என்றார். "ஆடு ஓடுது."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் ஏன் வண்டியை எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அது ஓட்டமே இல்லை, வண்டி நடந்தது என்று சொல்ல வேண்டும். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. வழியெல்லாம் அவர் என் காதோரம் அறிவித்துக்கொண்டே வந்தார். "கோழி, வலத்து. பையப் போணும். பட்டி, எடத்து. அது படுத்துக் கெடக்கு, எந்திக்காது. கன்னுக்குட்டி வருது, பின்னால தள்ளைப் பசுவும் வரும், நிக்கணும். ஆங், போலாம்." நெய்யாற்றின்கரை தாண்டும்போது என் கை வியர்ப்பது நின்றிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தெரியும் என்றிருப்பார்.

புது ஆசுபத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சுற்றுப்புறத்து ரோட்டை ஒரு நோட்டம் விட்டார். "இஞ்ச மீன்கடை உண்டு. பட்டி ஜாஸ்தி" என்று கவலையோடு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த மாதம் அவரைப் பார்க்க ஸ்கூட்டரில் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன். அங்கே சீட்டு எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்காமல், "எந்தா மிருகம்?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. ஆனாலும் மாதம் தவறாமல் வரிசையில் நின்றேன்.